ஒன்பதாம் கலமும் ஐந்து மணிக்குள் அடிக்க வேண்டிய ஒரு வரியும்

மீக்கடத்திக் கலங்களின் பூச்சுப் பிரிவுக்குத் தலைமையேற்று, முப்பத்து மூன்று ஆண்டுப் பணி முடித்து, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்கு முடுக்கி நிலையப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

வெற்றிடத்தில் வெள்ளீயம் விதைத்து வெற்றி விளைவித்த வித்தகரே!
உலையின் உள்ளக் கொதிப்பை உள்ளங்கையில் உணர்ந்த உயர்ந்தோரே!
துளித் தூசியும் துணிந்து நுழையாத தூய அறையின் தூணே!
கண்ணுக்குத் தெரியாக் கசிவைக் காதுகொண்டே கண்டறிந்த கருத்துடையாரே!
நுண்ணிய படலத்தை நுணுகி நுணுகி நோக்கிய நுண்ணறிவே!

விழாக்குழு ஏழு விளிகள் கேட்டது. ஆறாவதாக ‘அன்பின் உறைவிடமே’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். தூய அறைக்குள் கைக்கடிகாரத்தோடு நுழைந்தவரிடம் தாங்கள் பேசிய பேச்சைக் காதால் கேட்டவர்கள் கூடி அந்த வரியை அடித்துவிட்டார்கள். ஏழாவது யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஐந்தோடு நிற்கிறோம்.

இந்த மடலுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பூச்சுப் பிரிவின் பச்சைப் பதிவேட்டில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் தங்கள் கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அந்த வரி தவறு. நிலையத்தின் விதிப்படி பதிவேட்டில் எழுதிய வரியை எழுதியவர் மட்டுமே அடிக்கலாம். அதுவும் அவர் பணியில் இருக்கும் வரைதான். தாங்கள் பணியில் இருப்பது இன்று ஐந்து மணி வரை. அதற்குப் பிறகு அந்த வரி அப்படியே நின்றுவிடும். இயக்குநரே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பதிவேடு இதோ இந்த மேடையில், தங்கள் நாற்காலிக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. எதற்காக அங்கே வைத்தார்கள் என்று தாங்கள் வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். முறைப்படி பாராட்டிவிட்டு அங்கே வருகிறோம்.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் முதல் பதினான்கு ஆண்டுகளைத் தாங்கள் வெற்றிடப் பிரிவில் கழித்தீர்கள். குழாய்க்குள் காற்றே இல்லாமல் செய்வதும், செய்தபின் எங்கிருந்தோ உள்ளே வரும் காற்றைத் தேடிப் பிடிப்பதும் அங்கே வேலை. கசிவு தேடும் கருவி ஒரு முனகல் முனகும். கசிவுக்குப் பக்கத்தில் ஹீலியத்தைப் பீய்ச்சினால் முனகல் சற்று ஏறும். மற்றவர்கள் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, தாங்கள் சுவரைப் பார்த்தபடி காதைக் கொடுத்து நின்றீர்கள். நாற்பது மீட்டர் நீளக் குழாயில் ஆறு பேர் ஐந்து நாள் தேடிக் களைத்த கசிவை ஒரே முற்பகலில் கண்டுபிடித்தீர்கள். ஒரு மூட்டில் தலைமுடி ஒன்று சிக்கியிருந்தது. யாருடைய தலைமுடி என்பது அதன் நிறத்திலேயே தங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றுவரை அந்தப் பெயரைத் தாங்கள் சொன்னதில்லை.

பிறகு உலை வந்தது. அதோடு தாங்களும் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கி வந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகள்.

வந்திருக்கும் உறவினர்களுக்காக இங்கே இரண்டு வார்த்தை. துகள் முடுக்கியின் உள்ளே நியோபியம் என்ற உலோகத்தில் செய்த கலங்கள் இருக்கின்றன. இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டி, மேலும் கீழும் ஒரு குழாய் வைத்ததுபோல் ஒரு கலம் இருக்கும். அதற்குள் மின் அலை ஓடும். துகள்கள் அந்த அலையில் ஏறி விரையும். அலை வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால் கலம் கடுங்குளிரில் இருக்க வேண்டும்; அப்போதுதான் அது மின்சாரத்தை இழப்பின்றிக் கடத்தும் மீக்கடத்தியாகும். இதற்குக் கீழே குளிர் கிடையாது என்று ஓர் எல்லை உண்டு. அதிலிருந்து இரண்டே டிகிரி மேலே. அந்தக் குளிருக்கு ஒரு கட்டடம் முழுக்க இயந்திரங்கள் வேண்டும். ஆனால் கலத்தின் உட்சுவரில் நியோபியமும் வெள்ளீயமும் கலந்த ஒரு படலம் மட்டும் ஒழுங்காக அமைந்துவிட்டால் நான்கு டிகிரியே போதும். கட்டடம் ஓர் அலமாரியாகச் சுருங்கிவிடும். மருத்துவமனையின் ஒரு மூலையில்கூட முடுக்கியை வைத்துவிடலாம். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு. அதைப் பூசுவதுதான் அக்காவின் வேலை.

பூச்சு என்றால் தூரிகையோ துணியோ கிடையாது. உலைக்குள் காற்றை எடுத்துவிட்டு, ஆயிரத்து நூறு டிகிரிக்குச் சூடேற்றி, ஒரு குப்பியில் வெள்ளீயத்தை ஆவியாக்கி, அந்த ஆவி கலத்தின் உட்சுவரில் படிந்து ஊறும்படி காத்திருக்க வேண்டும். தங்கள் நாத்தனார் இதைத் தம் அண்டை வீட்டாரிடம் விளக்கிய விதம் நிலையம் முழுக்கப் பிரசித்தம்: “எங்க அண்ணி பாத்திரத்துக்கு ஈயம் பூசுறாங்க. ஆனா பெரிய வேலை.” தாங்கள் அதைத் திருத்தவில்லை. “சரியாத்தானே சொல்லியிருக்கா” என்றீர்கள்.

அன்றிலிருந்து தங்களுக்கு அடுப்பக்கா என்று பெயர். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர், ஆண்டுவிழா ஒன்றில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, “வீட்ல அடுப்பு என் பொறுப்பு, இவங்க அந்தப் பக்கம் வந்ததே இல்லை. இங்கே வந்துதான் கத்துக்கிட்டாங்க போல” என்று சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் சமைத்து அனுப்பிய டப்பாவைப் பாதி சாப்பிட்டுவிட்டு உலையின் மீட்டரைப் பார்க்க ஓடிய நாட்களுக்கு எங்களிடம் எண்ணிக்கை இல்லை. மீதியைச் சாப்பிட்டவர்கள் யார் என்பது மட்டும் தெரியும்.

தூய அறையில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடையணிந்து, கண்கள் மட்டும் தெரிய நிற்கும் பன்னிரண்டு பேரில் யார் யார் என்பதைத் தாங்கள் நடையை வைத்தே சொல்லிவிடுவீர்கள். உள்ளே தும்மியவரைத் தாங்கள் மூன்று மாதம் மறக்கமாட்டீர்கள். எந்த வேலைக்கும் தாங்கள் தந்த உச்சபட்சப் பாராட்டு “பரவாயில்லை” என்பதே. அந்த ஒரு சொல்லுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் தாங்கள் அதைத் தாண்டிப் பேசியிருக்கிறீர்கள். ஒன்பதாம் கலத்தை உலையிலிருந்து எடுத்து, சிறு கண்ணாடியையும் கைவிளக்கையும் குழாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, “இது சரியா வந்திருக்கு” என்றீர்கள். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் கலத்துக்குத் தாங்கள் வகுத்த ஒன்பதாம் முறை புதியது. அதுவரை கலத்துக்கும் வெள்ளீயத்துக்கும் ஒரே சூடு. தாங்கள் வெள்ளீயக் குப்பிக்குத் தனியாக ஒரு சூடேற்றி வைத்து, கலத்தைவிட அதைக் கூடுதலாகக் கொதிக்கவிட்டீர்கள். ஆவி தாராளமாகக் கிடைத்தது. கடைசியில் குப்பியின் சூட்டை அணைத்துவிட்டு, கலத்தை மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் சூட்டிலேயே வைத்தீர்கள். மேலே தேங்கி நிற்கும் வெள்ளீயம் உள்ளே ஊறட்டும், ஊறாதது ஆவியாகப் போகட்டும் என்பது தங்கள் எண்ணம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளவும். உலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கலங்கள் இருந்தன. மேலே இருந்தது ஒன்பது, கீழே இருந்தது பத்து. ஒரே நாள், ஒரே சூடு, ஒரே ஆவி.

ஒன்பதாம் கலம் அளவுப் பிரிவுக்கு வந்தது. கலம் மணியைப் போன்றது. உருவம் இம்மி மாறினாலும் அதன் அதிர்வெண் மாறும். உலையில் வெந்து வரும்போது எப்படியும் கொஞ்சம் மாறியிருக்கும். அதை ஒரு சட்டத்தில் பொருத்தி, கைச்சக்கரத்தைத் திருகி, இலேசாக அமுக்கிச் சரிசெய்வார்கள். அதற்குச் சுருதி சேர்ப்பது என்று பெயர். பூச்சில்லாத கலத்துக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. பூசிய கலத்தின் படலமோ கண்ணாடியைப் போல நொறுங்கும். ‘பூசிய கலத்தை அமுக்காதீர்’ என்று தாங்களே எழுதி அளவு அறையின் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். எல்லோரும் படித்தோம். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

ஆனால் அளவு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தை மூன்று சுற்று, நான்கு சுற்று திருகினால்தான் சுருதி சேர்த்ததாகக் கணக்கு. அளவுப் பிரிவின் நீலப் பதிவேட்டில் எழுதுவோம். இரண்டு சுற்றுக்குள் இருந்தால் அதற்குக் கைச்சுற்று என்று பெயர். அதை எழுதுவதில்லை. எழுதாததால் அதைச் செய்ததாகவும் நினைப்பதில்லை. சட்டத்தில் ஏற்றிய கலத்துக்கு இரண்டு கைச்சுற்று போடுவது, உட்காரும் முன் நாற்காலியை இழுப்பதுபோல் கை தானாகச் செய்யும் காரியம்.

குளிர்ந்த ஹீலியத் திரவத் தொட்டியில் இறக்கிச் சோதித்தபோது ஒன்பதாம் கலம் தோற்றது. மணியை ஒருமுறை தட்டினால் ஓசை அடங்கும் முன் எத்தனை முறை அதிரும் என்பதுபோல், கலத்துக்கு ஒரு தர எண் உண்டு. இரண்டாயிரம் கோடி வரும் என்று தாங்கள் எதிர்பார்த்தீர்கள். வந்தது இருநூறு கோடி. மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். தாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“கலத்தை யாராவது அமுக்கினீங்களா?”

அளவுப் பிரிவிலிருந்து வந்தவர் சொன்னார்: “இல்லைக்கா. சுருதியே சேர்க்கலை. வந்தது வந்தபடி இறக்கினோம்.”

தாங்கள் மறுகேள்வி கேட்கவில்லை. பச்சைப் பதிவேட்டை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்திட்டீர்கள்: ‘பூச்சில் பிழை. காரணம் தெரியவில்லை. பொறுப்பு என்னுடையது.’ ஒன்பதாம் முறை கைவிடப்பட்டது. பத்தாம் கலத்துக்கு ஹீலியத்தை வீணாக்க வேண்டாம் என்று அதன் வாயை மூடி, நைட்ரஜன் நிரப்பிய பையில் வைத்து, ‘சோதிக்க வேண்டாம்’ என்று தங்கள் கையெழுத்தில் சீட்டு ஒட்டி, கிடங்கில் வைத்துவிட்டீர்கள். ஒன்பதாம் கலம் தங்கள் அறைக் கதவோரம் நின்றது. பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் குடை அதற்குள்தான் இருக்கிறது. பார்வையாளர்கள் சிரிப்பார்கள், தாங்களும் சிரிப்பீர்கள்.

அதன் பிறகு பத்தாம் முறை, பதினோராம் முறை என்று இருபத்தாறாம் முறை வரை வந்தீர்கள். அறுநூறு கோடி வந்தது, எழுநூறு வந்தது, ஒருமுறை தொள்ளாயிரத்து இருபது வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. எல்லா முறைகளிலும் தாங்கள் முதலில் எடுத்துவிட்டது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான். கலம் கெட்டது அதனால்தான் இருக்கும் என்று தாங்கள் முடிவு செய்திருந்தீர்கள். சென்ற ஆண்டின் ஆய்வுக்குழு பச்சைப் பதிவேட்டின் அந்த வரியைத் தன் அறிக்கையில் மேற்கோள் காட்டி, காரணம் தெரியாத பூச்சுக்கு எதிர்காலம் இல்லை என்று எழுதியது. தாங்கள் ஓய்வுபெறும் நாளில் உலையை மூடிவிட்டு, அந்த அறையைப் பழைய நாற்காலிகள் போட்டுவைக்க ஒதுக்குவது என்று தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தைத் தாங்களே தங்கள் பிரிவினருக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஒரு சொல்கூடக் கூட்டியோ குறைத்தோ வாசிக்கவில்லை.

இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதி வந்த இந்த மடலில், இனிச் சில பத்திகளுக்கு ‘நான்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாம் மாடியில் ‘இல்லைக்கா’ என்று சொன்னவன் நான். இந்த மடலை எழுதியவனும் இப்போது வாசிக்கிறவனும் நானே. ‘தாங்கள்’ என்று எழுதினால் தள்ளி நின்று பேசுவதாகத் தோன்றுகிறது. அதனால் இனி ‘நீங்கள்’ என்றே வாசிக்கிறேன்.

மடல் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. எனக்கு எதுகை மோனை வரும் என்று விழாக்குழுவில் யாரோ சொல்லிவிட்டார்கள். பணிக்காலத்தை ஆண்டுவாரியாகப் பட்டியலிட வேண்டும் என்பதால் மூன்று வாரத்துக்கு முன்பு உங்கள் பச்சைப் பதிவேட்டை என் மேசைக்கு வாங்கி வந்தேன். என் மேசையில் எங்கள் நீலப் பதிவேடு எப்போதும் இருக்கும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. உங்கள் பதிவேட்டில், ஒன்பதாம் கலம் உலையை விட்டு வந்தபோது அதன் அதிர்வெண்ணை எழுதி வைத்திருந்தீர்கள். எங்கள் பதிவேட்டில், ஹீலியத் தொட்டியில் இறக்கும் முன் அதே கலத்தின் அதிர்வெண் இருந்தது, என் கையெழுத்தில். இரண்டுக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். நான் பென்சிலை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன்.

அதிர்வெண் தானாக நகராது. இருநூற்றுச் சொச்சம் என்பது எங்கள் சட்டத்தில் சரியாக இரண்டு சுற்று. அதை நான் போட்ட நினைவே எனக்கு இல்லை. கைச்சுற்றுக்கு நினைவு இருப்பதில்லை. கூட்டத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை, அக்கா. ஆனால் நான் சொன்னது உண்மையும் இல்லை. நீங்கள் ‘அமுக்கினீங்களா’ என்று கேட்டீர்கள். நான் சுருதி சேர்க்கவில்லை என்றேன். அன்றைக்கு என் கையிலிருந்த நீலப் பதிவேட்டைப் பிரித்து, அந்த ஓர் எண்ணை உங்களிடம் வாசித்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. நீங்கள் என் வார்த்தையை நம்பினீர்கள். நம்பிவிட்டு, குற்றத்தை உங்களுக்குள் தேடப் போனீர்கள்.

இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்ட அன்று பிற்பகலே இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இப்ப இதைச் சொல்றதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால்தான் சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் குடை உங்கள் மேசைமேல் கிடந்தது. கலத்தை யார் எடுத்தது என்று நடைபாதை முழுக்கக் கேட்டீர்கள்; எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஒன்பதாம் கலத்தை எடுத்துக் கழுவி, உள்ளே ஒரு நுண்கேமராவை விட்டுப் பார்த்தோம். சட்டம் பிடித்த இடத்தை ஒட்டி உட்புறத்தில் வளையம் வளையமாக மெல்லிய விரிசல்கள். குடை உரசிய கீறல்களைத் தவிர வேறெங்கும் ஒரு விரிசல் இல்லை. மாலைக்குள் குடையைத் திரும்ப வைத்துவிட்டோம். கலத்தைத் திருப்பி வைக்கும்போது வாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

பிறகு பத்தாம் கலத்தைக் கிடங்கிலிருந்து எடுத்தோம். பை கிழியாமல் இருந்தது. உங்கள் சீட்டைக் கிழிக்க யாருக்கும் மனம் வராமல், ஆவி காட்டிப் பிரித்து எடுத்தோம். உயர் அழுத்த நீரில் கழுவினோம். அளவு அறையில் கைச்சக்கரத்தைக் கழற்றி என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கலத்தையே உள்ளே கொண்டுவந்தேன். அதன் அதிர்வெண் எங்கே இருந்ததோ அங்கேயே அளந்துகொள்வது என்று முடிவு செய்தோம். நீங்கள் சொல்வதுபோல் மெதுவாக, அவசரமே இல்லாமல் குளிரவைத்தோம். சென்ற வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, நான்கு டிகிரியில், எண் வந்தது. ஹீலியம் இயக்குபவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மீட்டர் போயிடுச்சா?” என்றார். வேறு மீட்டர் கொண்டுவந்தோம். மூன்று முறை அளந்தோம்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது கோடி.

இந்த மண்டபத்தில் கோடி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்த உறவினர்கள் மன்னிக்கவும். அது வெறும் எண்தான். ஆனால் அந்த எண்ணை இந்த நிலையம் இதுவரை கண்டதில்லை. பதினோரு ஆண்டுகளாக அது எங்கள் கிடங்கில், இரண்டாவது தட்டில், ‘சோதிக்க வேண்டாம்’ என்ற சீட்டோடு இருந்திருக்கிறது. ஒன்பதாம் முறை சரியானது. அந்தக் கடைசி ஒரு மணி நேரமும் சரியானது. சரியான ஒன்றைத் தப்பென்று எண்ணி, அதிலிருந்து பதினேழு முறை விலகி விலகிப் போனீர்கள். போக வைத்தவன் நான். இதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே கேட்கிறேன். மனம் மிகவும் நோகிறது, அக்கா.

தனியாக உங்கள் அறைக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வாசல்வரை இரண்டு முறை வந்தேன். அன்று நான் சொன்னது பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில். நீங்கள் எழுதியதும் அவர்கள் முன்னிலையில். அவர்களில் ஒன்பது பேர் இன்று இங்கே அமர்ந்திருக்கிறார்கள். தனியாகச் சொன்னால், “சரி விடு தம்பி” என்று சொல்லிவிட்டு விஷயத்தை அங்கேயே புதைத்துவிடுவீர்கள். அந்தத் தலைமுடிக்குச் சொந்தக்காரரின் பெயரைப் புதைத்ததுபோல. அந்தத் தலைமுடியும் என்னுடையதுதான் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முடி இருந்தது.

மறுபடியும் ‘நாங்கள்’.

உலையை மூடும் உத்தரவை இயக்குநர் இன்று காலை பத்து மணிக்குத் திரும்பப் பெற்றார். பழைய நாற்காலிகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஒன்பதாம் முறைப்படியே நான்கு புதிய கலங்கள் உலைக்குள் போகும். தங்கள் ஓய்வைத் தள்ளிவைக்க விதியில் இடம் தேடினோம், இல்லை. இருந்திருந்தாலும் தங்கள் கணவர் விட்டிருக்க மாட்டார் என்பதை அவர் முகமே சொல்கிறது. ஆகவே தாங்கள் இல்லாமல்தான் அந்தக் கலங்களைச் சுட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

அளவு அறையில் கைச்சுற்று என்ற வழக்கம் சென்ற திங்கட்கிழமையோடு முடிந்தது. கால் சுற்றானாலும் எழுத வேண்டும். நீலப் பதிவேட்டில், பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பக்கத்தின் அடியில், செய்தவர் இன்றைய தேதியிட்டு எழுதிவிட்டார்: ‘ஒன்பதாம் கலம். கைச்சுற்று இரண்டு. எழுதாமல் விட்டவன் நான்.’ கையெழுத்தும் போட்டாயிற்று.

எஞ்சியிருப்பது தங்கள் வரி. தங்களை அறிந்தவர்கள் என்ற முறையில் தாங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். “எழுதினது எழுதினதுதான். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன்” என்பீர்கள். அது சரிதான்; ‘காரணம் தெரியவில்லை’ என்பதைத் தாங்கள் அப்படியே விட்டுவிடலாம், அன்றைக்கு அது உண்மை. ‘பூச்சில் பிழை’ என்பதும், ‘பொறுப்பு என்னுடையது’ என்பதும் உண்மை இல்லை. உண்மை இல்லாதது பதிவேட்டில் இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாங்கள். இனி இந்த நிலையத்துக்கு வருகிறவர்கள் தங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தங்களைத் தெரிவிக்கப் போவது இந்தப் பச்சைப் பதிவேடு ஒன்றுதான். அவர்கள் அந்த வரியைப் படிப்பார்கள், நம்பியும் விடுவார்கள், நாங்கள் நம்பவில்லையா?

கசிவின்றி மூச்சும், காய்ச்சலின்றி உடலும், கவலையின்றி உறக்கமும், கையருகே கணவரின் காரசாரமும் அமையப்பெற்று, காலை எழுந்ததும் எந்த மீட்டரையும் பார்க்கத் தேவையில்லாத நெடுநாட்கள் தங்களுக்கு நிறைய நிறைய வாய்க்கட்டும். எப்போதாவது உலையின் நினைவு வந்தால் வாருங்கள். தூய அறைக்குள் நுழையுமுன் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். ஒன்பதாம் கலத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் இயக்குநர் அனுமதி தந்திருக்கிறார். குடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வழக்கமாக இத்தகைய மடலைச் சட்டமிட்டுக் கையில் கொடுப்பார்கள். இந்தச் சட்டத்தில் இரண்டு இடம் விட்டுச் செய்யச் சொன்னோம். வலப்பக்கத்தில் இந்த மடல். இடப்பக்கம் காலி. பச்சைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குப் பிரதி எடுக்க, வாசலருகே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார்.

இப்போது மணி நாலு நாற்பது. பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். பேனாவின் மூடியையும் கழற்றியாயிற்று.

இப்படிக்கு,
பச்சைப் பதிவேட்டையும் நீலப் பதிவேட்டையும்
இனி ஒரே மேசையில் வைத்து எழுதப்போகும்
முடுக்கி நிலையப் பணியாளர்கள்